எழுபத்திரண்டாவது போன்

எனக்கு உட்கார வராது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். "ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காதும்பாங்க. நீங்க எந்த மேடையில ஆடினீங்கன்னுதான் தெரியல" என்பாள் என் மனைவி. சந்தாபுராவிலிருந்து வரும் பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சில்க் போர்டு சிக்னலில் பஸ் நகராமல் நின்றுவிட்டால், பஸ்ஸுக்குள்ளேயே முன்னும் பின்னும் நடந்து கண்டக்டரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் நான் செய்த தவறில் இந்தப் பரபரப்புக்கும் பங்கு உண்டு.

நான் வேலை பார்ப்பது அட்டைப்பெட்டி செய்யும் ஒரு கம்பெனியின் அலுவலகத்தில். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களா, அதன் முதுகில் ஒட்டினாற்போல் பிற்பாடு எழுப்பிய மூன்று மாடிக் கட்டடம். நான் அங்கே அட்மின். லிஃப்ட் நின்றாலும், தண்ணீர் கேன் வராவிட்டாலும், கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் கழன்றாலும் என் பெயர்தான் ஏலம் போகும். போனும் அந்த ஏலத்தில் சேர்த்திதான்.

பங்களாவின் மாடிப்படிக்கு அடியில், சுவரில், பழுப்பு நிறத்தில் ஒரு பெட்டி இருந்தது. அலுவலகத்துக்குள் இருக்கும் அத்தனை போன்களையும் ஒன்றோடொன்று இணைப்பது அதுதான். ஐந்து வருடங்களுக்கு முன் ஒரு மழை நாளில் இடி விழுந்து அதற்குள் இருந்த கார்டு ஒன்று கருகிப்போனது. அன்றிலிருந்து பின்கட்டடத்து போன்களிலிருந்து யாருக்கும் நேராகப் பேச முடியாது. ஒன்பதை மட்டும் அழுத்தலாம். ஒன்பது என்றால் ஆபரேட்டர். அவரிடம் கேட்டு வாங்கித்தான் யாரிடமும் பேச வேண்டும். என் மேஜை பின்கட்டடத்தில்தான். அந்த வகைக் கார்டு செய்வதைக் கம்பெனிக்காரர்கள் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். போன வருடம் மற்ற கார்டுகளும் தகராறு செய்யத் தொடங்கின. கணக்குப் பிரிவைக் கேட்டால் கேண்டீனில் மணியடித்தது.

முதலாளி கன்னடக்காரர். தமிழர்கள் நிறைந்த கண்டோன்மென்ட்டில் பிறந்து வளர்ந்ததால் தமிழ் சரளமாக வரும். "போனெல்லாம் நல்லாத்தானே இருக்குது? டப்பாவ மட்டும் மாத்துங்க. எழுபத்தோரு போன குப்பையில போடணுமா? சும்னே வேஸ்ட் பண்றது எனக்குப் பிடிக்காது" என்றார்.

கேட்க எளிதாகத்தான் இருந்தது. வந்து பார்த்த மூன்று கம்பெனிக்காரர்கள், பழைய போன்கள் புதுப் பெட்டியோடு பேசாது என்று கையை விரித்துவிட்டார்கள். நான்காவதாக வந்த இன்ஜினியர் கொஞ்சம் யோசித்தார். ஹாசன் பக்கத்துக்காரர், அவசரப்படாத ஆள், எனக்கு நேர் எதிர். "ஆகத்தே சார், செய்யலாம். ஆனா ஒவ்வொரு போனும் என்ன மாடல், எப்படி இருக்குன்னு லிஸ்ட் வேணும். லிஸ்ட்டுல இருந்தா நான் பொறுப்பு. லிஸ்ட்டுல இல்லன்னா என்ன கேக்காதீங்க" என்றார்.

லிஸ்ட் போடுவதென்றால் எனக்குக் கொண்டாட்டம். நடக்கச் சாக்கு கிடைத்ததே. இரண்டு நாள் மாடி மாடியாக ஏறி இறங்கி, ஒவ்வொரு போனையும் கவிழ்த்துப் பார்த்து, அடியில் ஒட்டியிருந்த மாடல் எண்ணை நோட்டில் எழுதினேன். ஆனால் போன் நன்றாக இருக்கிறதா என்பதைப் பேசித்தானே பார்க்க வேண்டும்? ஆகவே மூன்றாம் நாளிலிருந்து என் மேஜைக்கு வந்து, என்னைத் தவிர மற்ற எழுபது பேரையும் ஒருவர் பின் ஒருவராகக் கூப்பிட்டேன். ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்விகள். மணி சரியாக அடிக்கிறதா? பட்டன் எல்லாம் வேலை செய்கிறதா? வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?

ஒவ்வொரு அழைப்புக்கும் ஒன்பதை அழுத்தினேன்.

ஒன்பதில் இருப்பவர் எங்கள் ஆபரேட்டர் அக்கா. ஆஸ்டின் டவுன்காரர், பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. பங்களாவின் முன்வாசலில் வலதுபக்க மேஜையில் உட்கார்ந்து, இருபது வருடங்களுக்கு மேலாக அந்த வேலையைப் பார்க்கிறார். நடையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாரோ என்று நினைக்காதீர்கள். அந்த மாதிரி வித்தையெல்லாம் ஒன்றும் இல்லை. எதிரில் போய் நின்றால் "யாரு?" என்று அதட்டுவார். ஆனால் எழுபத்தொரு நீட்டிப்பு எண்களும், நூற்றுக்கணக்கான வெளி எண்களும் அவருக்கு மனப்பாடம். அவர் முன்னால் இருந்த ஆபரேட்டர் கருவி பெரிய பலகைபோல இருக்கும், இரண்டு பக்கமும் வரிசையாகப் பட்டன்கள். முக்கியமான ஐந்தாறு பட்டன்களின்மேல் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருப்பார். விரல் அந்தப் பொட்டுகளைத் தொட்டுக்கொண்டே ஓடும்.

"அக்கா, பர்ச்சேஸ் குடுங்க" என்பேன்.

"மொதல்ல குட் மார்னிங் சொல்லுங்க சார். வெள்ளம் வந்தமாரி பேசறீங்க."

"குட் மார்னிங். பர்ச்சேஸ் குடுங்க."

இப்படியே நான்கு நாட்கள். பர்ச்சேஸ்காரர் போனில் ஏழாம் பட்டன் இரண்டு வருடமாக வேலை செய்யவில்லையாம். ஏழு வருகிற எண்ணில் இருப்பவர்களோடு அவர் பேச்சுவார்த்தையே வைத்துக்கொள்ளவில்லை. ஸ்டோரில் போனை வாங்கிய நாளில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையோடேயே வைத்திருந்தார்கள், தூசி படக்கூடாதாம். மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் சிரிப்புதான் பதில். ஒருவர் கேண்டீன் சாம்பாரைப் பற்றிச் சொன்னார். அதையும் எழுதிக்கொண்டேன். போன் ஒயர் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் நடந்துகொண்டே பேசினேன். கடைசியாக ஸ்டோரை முடித்ததும் அக்காவைக் கூப்பிட்டு, "தேங்க்ஸ்க்கா, எல்லாம் முடிஞ்சது" என்று சொல்லி வைத்தேன்.

இன்ஜினியர் என் லிஸ்ட்டைப் பார்த்து, எழுபத்தொன்றும் ஒத்துப்போகும் என்று எழுதிக் கொடுத்தார். அவர் நீட்டிய தாள்களில் ஒன்றில், ஆபரேட்டர் மேஜைக்குப் புதிய கருவி தரப்படும் என்று ஒரு வரி இருந்தது. புதிதுதானே, நல்லதுதானே என்று கையெழுத்துப் போட்டேன். அடுத்த தாளைப் புரட்டினேன். முதலாளி என் முதுகில் தட்டினார். ஒரு வாரம் அந்தத் தட்டலோடு திரிந்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலையில் பெட்டிகள் வந்தன. பழைய பெட்டியைச் சனிக்கிழமை கழற்றி, புதியதை மாட்டி, திங்களன்று அலுவலகம் வழக்கம்போல நடக்க வேண்டும் என்பது திட்டம். இன்ஜினியர் முதலில் ஆபரேட்டர் மேஜைக்கு வந்து, ஒரு சிறிய அட்டைப்பெட்டியைப் பிரித்து, உள்ளே இருந்ததை எடுத்து மேஜைமேல் நிறுத்தினார்.

அது ஒரு கண்ணாடித் திரை. ஒரு பட்டன்கூட இல்லை.

அக்கா மேஜைமேல் கையை நீட்டித் தேடி, திரையைத் தொட்டார். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், ஓரம் ஓரமாகத் தடவினார். திரும்ப ஒருமுறை தடவினார்.

"பட்டன் எங்க இருக்குது?" என்றார்.

"எல்லாம் ஸ்க்ரீன்லயே வரும் மேடம். யார் கூப்பிடறாங்கன்னு பேரு வரும், போட்டோ வரும். தொட்டா போதும்" என்றார் இன்ஜினியர், பெருமையாக. சொல்லி முடிக்கும்போதுதான் அவருக்கும் விளங்கியது. என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

சுவரில் எங்கள் நீட்டிப்பு எண் பட்டியல் தொங்கியது. ஒவ்வொரு அறையிலும் தொங்குவதுதான். அதைப் பார்த்துத்தான் நான் லிஸ்ட் போட்டேன். இருநூற்றொன்றில் தொடங்கி இருநூற்று எழுபத்தொன்றில் முடியும். ஒன்பது என்ற எண் அந்த வரிசையில் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில், தலைப்போடு தலைப்பாக இருந்தது. தலைப்பை யார் எண்ணுவார்கள்? ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கழனிப்பானையில் விழுமாம் துள்ளி. விழுந்தது நான். மூழ்கியதென்னவோ அக்கா.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அக்காவுக்குப் பார்வை இல்லை என்பதையே நாங்கள் மறந்திருந்தோம். அவர் அவ்வளவு நன்றாக வேலை பார்த்தார். 'நாங்க அவங்கள வித்தியாசமாவே பாக்கறதில்ல' என்று வருகிறவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அந்தப் பெருமையின் லட்சணம் அன்று மேஜைமேல் நின்றது.

"பழைய கருவியையே புதுப் பெட்டியில மாட்ட முடியாதா?" என்று கேட்டேன்.

"ஆகல்ல சார். போன் வேற, ஆபரேட்டர் கருவி வேற. புதுப் பெட்டிக்கு அது யாருன்னே தெரியாது" என்றார் இன்ஜினியர். பிறகு மெதுவாக, "லிஸ்ட்டுல இல்லவே இல்லையே சார்" என்றார்.

முதலாளியின் அறைக்கு ஓடினேன். அவர் கெட்டவர் இல்லை, அதுதான் சிக்கல். "இதுக்குப் போய் ஏன் டென்ஷன் ஆகறீங்க? யாரையும் வீட்டுக்கு அனுப்பப் போறதில்ல. ரெக்கார்ட் பண்ணின வாய்ஸ் போட்டுடலாம். சேல்ஸுக்கு ஒண்ணு, அக்கவுன்ட்ஸுக்கு ரெண்டுன்னு அதுவே சொல்லும். அவங்க அங்கயே உக்காரட்டும், வர்றவங்களுக்கு நமஸ்காரம் சொல்லட்டும்" என்றார்.

இதை எப்படி அக்காவிடம் சொல்வது என்று படிக்கட்டில் நின்று நான் தயங்கியது வீண். முதலாளியின் குரல் கீழ்வரைக்கும் கேட்கும்.

"வர்றவங்க வாயத் தொறந்து பேசினாத்தான் வந்துகிறாங்கன்னே எனக்குத் தெரியும்" என்றார் அக்கா. "நான் யாருக்கு சார் நமஸ்காரம் சொல்றது, கதவுக்கா?"

மறுபடி மேலே ஓடினேன். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வேறு வழி கண்டுபிடிக்கிறேன் என்று கெஞ்சினேன். "சரி, சாயங்காலம் வரைக்கும். இல்லன்னா ரெக்கார்ட் வாய்ஸ்தான்" என்றார் முதலாளி.

வியாழன் மதியம் முழுக்க எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பழைய கருவியைப் புதுப் பெட்டியோடு இணைக்க ஏதாவது சாமான் உண்டா என்று தெரிந்த கடைக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டேன். எஸ்.பி. ரோடுக்குப் போய்ப் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கினேன். இரண்டு கடைகளில் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை காலை, இன்ஜினியர் கொடுத்த தடித்த கையேட்டை எடுத்துக்கொண்டு காரிடாரில் நடந்தபடியே படித்தேன். எங்கோ நடுப்பக்கத்தில், பக்கவாட்டுப் பட்டன்கள் உள்ள எந்தப் போனையும் ஆபரேட்டர் போனாக மாற்றி அமைக்கலாம் என்று ஒரு குறிப்பு இருந்தது. ஒத்துப்போகும் போனாக இருந்தால் போதுமாம்.

அப்படிப்பட்ட போன் யாரிடம் இருக்கிறது? மூச்சு வாங்க நோட்டைப் புரட்டினேன். எழுபத்தொன்றில் இரண்டே இரண்டு. ஒன்று முதலாளியுடையது. இன்னொன்று இருநூற்று நாற்பத்தாறு. அட்மின்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவன் கதையாக, அது என் மேஜையிலேயே இருந்தது. என்னை அட்மின் ஆக்கியபோது மரியாதைக்காகக் கொடுத்த போன். பக்கவாட்டில் இருபது பட்டன்கள். கார்டு கருகியதிலிருந்து அதில் நான் அழுத்தியது ஒன்பது மட்டும்தான். சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கி, அதைக் கையிலேயே தூக்கிக்கொண்டு பங்களாவுக்கு ஓடினேன்.

அக்காவின் மேஜையில் வைத்து, இருபது பட்டன்களையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டார், எண்ணினார். முகத்தில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியாமல், "எனக்கு முன்னாடியே தோணவே இல்லக்கா" என்றேன்.

"தோணாது" என்றார். கையை அந்தப் போன்மேலிருந்து எடுக்கவில்லை. "எழுவது பேருக்கு நான்தான் சார் லைன் குடுத்தேன். லைன் குடுத்துட்டு நான் வெலகறதுக்குள்ள மொதக் கேள்வி காதுல விழும். மணி சரியா அடிக்குதான்னு. எழுவது வாட்டி கேட்டேன். பர்ச்சேஸ கேக்கறாரு, ஸ்டோர கேக்கறாரு, கேண்டீன கேக்கறாரு, கடசியா நம்மள கேப்பாருன்னு இருந்தேன். இன்னின்ன சொல்லணும்னு மனசுல வரிசகூட போட்டு வெச்சிருந்தேன். நீங்க தேங்க்ஸ்க்கா, எல்லாம் முடிஞ்சதுன்னு வெச்சிட்டீங்க."

"நீங்களா சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன். சொன்ன உடனேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"எழுவது பேரு அவங்களாவா சொன்னாங்க? நீங்க கேட்டீங்க, சொன்னாங்க."

எனக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. கூடவே, ஏன் என்று தெரியாத ஒரு கோபமும். ஓடி ஓடி வேலை செய்கிறவன் என்று என்னைப் பற்றி நானே வைத்திருந்த நல்ல அபிப்பிராயத்தை ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கவிழ்த்துவிட்டார். ஒன்றும் பேசாமல் நின்றேன். அக்கா "இருக்கறீங்களா, போய்ட்டீங்களா?" என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன்.

சனிக்கிழமை காலையில் பழைய பெட்டியைக் கழற்றினார்கள். பத்து மணியிலிருந்து அலுவலகத்தில் ஒரு போனும் அடிக்கவில்லை. அந்த அமைதி எனக்கு ஆகவில்லை. படிக்கட்டுக்கும் அக்காவின் மேஜைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். மதியத்துக்குள் புதுப் பெட்டியில் பச்சை விளக்குகள் எரிந்தன. இன்ஜினியர் மடிக்கணினியோடு அக்காவின் எதிரில் உட்கார்ந்தார். எந்தப் பட்டனுக்கு என்ன வேலை என்பதை அக்கா சொல்ல, அவர் அமைத்துக்கொண்டே வந்தார்.

"வெளி லைனெல்லாம் மேல் வரிசைல வேணும். ஹோல்டு கட்டை விரலுக்குப் பக்கத்துல. வெளி மணி வேற, உள் மணி வேற."

எல்லாம் நடந்தது, ஒன்றைத் தவிர. அவர் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டாவது அழைப்பு வந்தால், போனில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். அவ்வளவுதான், சத்தம் வராது.

"மினுக்கட்டும். யாருக்கு மினுக்குது?" என்றார் அக்கா. "லைன்ல ஒருத்தர் காத்துகினு இருக்காருன்னு எனக்குத் தெரியணும். இல்லன்னா இது பேஜாரு சார், நான் ரெக்கார்டு வாய்ஸவிட மோசமாப் பூடுவேன்."

இன்ஜினியர் தேடினார். மணி மூன்றானது, மூன்றரையானது. மாடியிலிருந்து முதலாளி ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நான் இன்ஜினியரின் தோளுக்குப் பின்னால் நின்று, கையேட்டை ஒருமுறை, அவர் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தேன். "சார், நீங்க நடந்தா எனக்குத் தலை சுத்துது. தயவுசெஞ்சு உங்க சீட்டுக்குப் போங்க. வேலை ஆனதும் சொல்றேன்" என்றார் அவர், முதல்முறையாகக் குரலை உயர்த்தி.

போனேன். என் மேஜையில் இப்போது சாதாரண போன் ஒன்று, ஸ்டோர் அலமாரியில் உபரியாகக் கிடந்தது. பக்கவாட்டுப் பட்டன்கள் இல்லை. அதை முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலே காலுக்கு அது அடித்தது.

"சார், ஆயித்து" என்றார் இன்ஜினியர். "ரெண்டாவது கால் வந்தா இப்போ காதுல பீப் அடிக்குது. மேடம் ஓகே சொல்லிட்டாங்க. முதலாளியும் வந்து பாத்தாச்சு." பின்னால் அக்காவின் குரல் கேட்டது. ஆஸ்டின் டவுன் கடையில் புதுப் பொட்டுப் பாக்கெட் வாங்கி வந்திருப்பதாகவும், பழைய பொட்டில் பசை போய்விட்டதாகவும் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

போனை வைத்துவிட்டு எடுத்தேன். ஐந்து வருடங்களுக்குப் பிறகு அந்த மேஜையிலிருந்து யாரை வேண்டுமானாலும் நேராகக் கூப்பிடலாம். நோட்டைத் திறந்து, எழுபத்தொன்றாவது வரிக்குக் கீழே எழுபத்திரண்டு என்று எழுதினேன். ஒன்பதை அழுத்தினேன்.

"சொல்லுங்க" என்றார் அக்கா.

"குட் ஈவ்னிங்க்கா. புது போன் விஷயமா மூணு கேள்வி கேக்கணும். மணி சரியா அடிக்குதா?"

"அடிக்குது" என்றார்.

"பட்டனெல்லாம் வேலை செய்யுதா?"

"பண்ணுது. பதினாலாவது கொஞ்சம் இறுக்கமா கீது. நீங்க ஒரு நாளும் அமுத்தினதில்ல போல."

பதினான்காவது பட்டன் இறுக்கம் என்று எழுதினேன். "வேற ஏதாவது சொல்லணுமாக்கா?"

"சொல்லணும்" என்றார். "நெறைய இருக்குது. இருங்க, வெளி லைன் வருது."

ஹோல்டு சத்தம் கேட்கத் தொடங்கியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எழுபத்திரண்டாவது வரியில் பேனாவை வைத்துக்கொண்டு, அவர் திரும்பி வரும்வரை காத்திருந்தேன்.